கொழும்பு கடலோரத்த நம்ம புள்ளைங்களுக்கு பகல்ல காட்டுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மலையகத்து ஸ்கூல்கள்ல இருந்து கொழும்புக்கு ட்ரிப் போற சீசன் திரும்ப வந்துருச்சு, ராத்திரி நேரம் ஹட்டன் டவுன்ல நின்னு பாத்தா பாட்டு சத்தத்தோட பஸ் பஸ்ஸா கீழ இறங்குது, பாக்க சந்தோசமா தான் இருக்கு, ஆனா அந்த ட்ரிப்ல புள்ளைங்க கடல எப்ப பாக்குறாங்க, எவ்ளோ நேரம் பாக்குறாங்கன்னு யோசிச்சா மனசு கேக்க மாட்டேங்குது, அதனால தான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா தான் போகும், வெட்டாம போட்டீங்கன்னா உதவியா இருக்கும்.

எல்லா ட்ரிப்பும் அனேகமா ஒரே மாதிரி தான். காலையில தெஹிவளை ஜூ, அப்புறம் மியூசியம், மத்தியானம் பார்சல் சோறு, அதுக்கப்புறம் ஏதாவது ஒரு பெரிய மோல், அங்க எஸ்கலேட்டர்ல ஏறி இறங்கி முடிச்சு ட்ராபிக்ல மாட்டி காலிமுகத்திடலுக்கு வந்து சேரும்போது இருட்டிரும். இருட்டுல கடல் எங்கங்க தெரியும்? சத்தம் தான் கேக்கும். பாதி புள்ளைங்க டொய்லட் தேடி லைன்ல நிக்கும், மீதி பாதி இறால் வடை வாங்கி திங்கும், டீச்சர்மார் தலைய எண்ணிக்கிட்டே இருப்பாங்க, விசில் அடிச்சதும் எல்லாரும் பஸ். நம்ம தோட்டத்து புள்ளைங்கள்ல நெறைய பேருக்கு அது தான் வாழ்க்கையில முதல் தடவ கடல். அத ராத்திரியில காட்டி கூட்டிட்டு வந்துர்றோம். டீச்சர்மார குத்தம் சொல்லல, அவ்ளோ புள்ளைங்கள பத்திரமா கொண்டு போய் கொண்டு வர்றதே பெரிய காரியம், ப்ளேன் போடுறது தான் பழைய ப்ளேனாவே இருக்கு.

நான் பல வருஷம் புறக்கோட்டையில ஒரு ஜவுளிக் கடையில வேல செஞ்சவன். கடையிலயே தான் தூக்கம், கடை முதலாளி குடுக்குற சாப்பாடு, ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு. அந்த லீவு நாள்கள்ல நானும் கூட இருந்த மஸ்கெலியா, பொகவந்தலாவ பொடியனுங்களும் கையில காசு இல்லாததால நடந்தே தான் கொழும்ப பாத்தோம், முகத்துவாரத்துல இருந்து கல்கிசை வரைக்கும் அந்த கடலோரம் பூரா கால் பட்டிருக்கு. அப்பிடி பாத்ததுல எனக்கு விளங்குனது ஒண்ணு தான். கொழும்பு கடற்கரை யாரோ பணக்காரன் ஊட்டு முத்தம் இல்ல, நம்ம மலைக்கும் அதுக்கும் நேரடி தொடர்பு இருக்கு, நம்ம ஆறு அங்க தான் போய் சேருது, நம்ம தேயில கொழுந்து அங்க இருந்து தான் கப்பல் ஏறுது, இந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்கு வந்த நம்ம ஆளுங்கள்ல ஒரு பகுதி அங்க தான் கப்பல விட்டு இறங்குனாங்க. இத புள்ளைங்களுக்கு அந்த எடத்துலயே நிப்பாட்டி சொல்லணும். அதுக்கு ஒரு முழு பகலும் கடலோரத்துக்கே குடுக்கணும். ஜூவ இன்னொரு வருஷம் பாக்கலாம்.

ஆத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். நோர்வூட் பக்கம் பாலத்துக்கு கீழ ஓடுற கெஹெல்கமு ஓயா காசல்ரீ, நோட்டன் தாண்டி கீழ போகுது, மஸ்கெலியா ஓயா மவுசாகலை, கெனியன், லக்சபான தாண்டி வருது, ரெண்டும் சேர்ந்தா தான் களனி கங்கை. ஹட்டன்ல இருந்து கினிகத்தேனை, கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, அவிசாவளைன்னு கொழும்புக்கு பஸ்ல போறோமே, அந்த ரோட்டுல பாதிக்கு மேல ஆறும் நம்ம கூடயே தான் வருது, ராத்திரி போறதால யாரும் பாக்குறதில்ல. 145 கிலோமீட்டர் ஓடி வந்து கொழும்புக்கு வடக்கால முகத்துவாரம் மட்டக்குளி பக்கம் கடல்ல விழுது. கொழும்பு ஆளுங்க பைப்ப திறந்தா வர்ற தண்ணியில பெரும் பகுதி அம்பத்தலையில இந்த ஆத்துல இருந்து எடுக்குறது தான். மலையில மழ பேஞ்சா தான் அங்க குடிக்க தண்ணி, நம்ம புள்ளைங்களுக்கு இத யாரும் சொல்லி குடுக்கல.

மட்டக்குளி பக்கம் காக்கைத்தீவு கடற்கரைன்னு ஒண்ணு இருக்கு, இப்ப பார்க் மாதிரி நல்லா செஞ்சு வச்சிருக்காங்க, ட்ரிப் பஸ் ஒண்ணும் அந்தப் பக்கம் திரும்புறதே இல்ல. மலையில பெரிய மழ பேஞ்சு முடிஞ்ச சமயம் விடிய காலையில அங்க போய் நின்னு பாருங்க, ஆத்து தண்ணி செம்மண் கலர்ல அப்பிடியே கடலுக்குள்ள போகும், கொஞ்ச தூரம் கடல் தண்ணியோட சேராம தனியா ஒரு கோடு போட்ட மாதிரி தெரியும், இந்தப் பக்கம் மண் கலர், அந்தப் பக்கம் பச்ச, கோட்டு மேலயே நுரையும் சருகும் மூங்கில் துண்டும் மிதக்கும், சில நேரம் தண்ணியில வர்ற மீன பிடிக்க அந்த கோட்டுக்கிட்டயே சின்ன போட் வந்து நிக்கும். நாங்க முதல் தடவ பாத்தப்போ மஸ்கெலியா பொடியன் ஒருத்தன் கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டு "டேய் இது எங்க தோட்டத்து மண்ணுடா"ன்னான். அது உண்ம தான். கவ்வாத்து (தேயில செடிய வெட்டி விடுறது) முடிஞ்சு, தண்ணி ஓட கான் வெட்டாம விட்ட மலைகள்ல இருந்து எவ்ளோ மண் கழுவிட்டு போகுதுன்னு சயன்ஸ் பொஸ்தகத்துல படிக்கிறத விட அங்க நின்னு பாத்தா ஒரே பார்வையில விளங்கும்.

அங்க இருந்து தெக்கால வந்தா ஹார்பர். உள்ளுக்கு விட மாட்டாங்க, ஆனா ரோட்டுல இருந்தே கிரேனும் கண்டெய்னரும் தெரியும். ஒரு காலத்துல இந்த நாட்டோட பெரிய ஹார்பர் காலி தான், கொழும்புல கப்பல் நிக்குறதுக்கு அலை விடாது. 1875ல தான் பெரிய அலைத்தடுப்பு சுவருக்கு கல்லு வச்சு 1885ல முடிச்சாங்க, அதுக்கு அப்புறம் தான் கொழும்பு இவ்ளோ பெரிய ஹார்பரா ஆனது. அந்த வருஷங்கள கொஞ்சம் நம்ம மலையோட வச்சு பாருங்க. 1867ல லூல்கந்துர தோட்டத்துல ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர்ல தேயில போட்டாரு, 1873ல முதல் தடவயா 23 இறாத்தல் தேயில லண்டனுக்கு போச்சு, கோப்பி நோய் வந்து அழிஞ்சு எல்லா தோட்டமும் தேயிலைக்கு மாறுச்சு, 1883ல கொழும்புல தேயில ஏலம் ஆரம்பிச்சாங்க. மலையில எங்க பாத்தாலும் தேயில ஏறுன அதே பத்து பதினஞ்சு வருஷத்துல தான் கொழும்புல அந்த சுவர் கடலுக்குள்ள போச்சு. ரயில் ரோட்டும் அப்பிடி தான், 1858ல வேல ஆரம்பிச்சு 1867ல கண்டி வரைக்கும் போட்டது கோப்பிய கீழ கொண்டு வர்றதுக்கு, நம்ம ஆளுங்கள ஏத்துறதுக்கு இல்ல.

அந்த ஏலம் 2020ல இருந்து ஒன்லைன்ல நடக்குது, இப்ப யாரும் ஹோல்ல உக்காந்து சத்தம் போட்டு கேக்குறதில்ல. ஆனா சரக்கு அதே ஹார்பர்ல இருந்து தான் போகுது. காலையில அம்மா ஆஞ்சு நிறுத்து போட்ட கொழுந்து பெக்டரியில வாடி, அரைபட்டு, காஞ்சு, லொறியில கொழும்புக்கு போய் ஏலம் விட்டு, கண்டெய்னர்ல ஏறி, வெளியூர் போற கத முழுசா ஒரு புள்ளைக்கு விளங்கணும்னா அந்த ஹார்பர் மதில் ஓரம் ஒரு கால் மணி நேரம் நின்னா போதும். காலையில வேலைக்கு பேர் குடுக்குற பெரட்டுக்களத்துல நிக்குற அம்மாவுக்கும் அந்த கப்பலுக்கும் நடுவுல எத்தன கை இருக்கு, எந்தக் கைக்கு எவ்ளோ போகுதுன்னு புள்ளைங்களே கேக்க ஆரம்பிக்கும், கேக்கட்டும், நல்லது தான்.

இன்னொண்ணும் சொல்லணும். நம்ம ஆளுங்க மன்னார் பக்கம் இறங்கி காட்டு வழியா மாத்தளைக்கு நடந்து வந்த கத எல்லாருக்கும் தெரியும், அது தெரிய வேண்டியது தான். ஆனா தூத்துக்குடியில கப்பல் ஏறி கொழும்புல இறங்குனவங்களும் நெறைய, 1914ல தனுஷ்கோடி தலைமன்னார் கப்பலும் ரயிலும் ஒழுங்கா ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் அது ஒரு முக்கியமான வழி. அப்ப நம்ம அப்பாயி, தாத்தாவோட அப்பா அம்மா இந்த நாட்டுல கண்ட முதல் எடம் அந்த ஹார்பரா கூட இருந்திருக்கலாம். அதுக்கு ஒரு அடையாளக் கல்லோ ஒரு போர்டோ அந்த கடலோரத்துல வைக்கணும், நம்ம எம்பிமார் யாராவது இத வாசிச்சா தயவுசெஞ்சு கேளுங்க.

ஹார்பர் ஓரத்துலயே கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாக்கிழமையில போனா சனம் தள்ளும், கிறிஸ்தவம் சைவம்னு வித்தியாசம் இல்லாம எல்லாரும் வர்ற எடம், 2019 ஏப்ரல் 21ஆம் தேதி ஈஸ்டர் அன்னிக்கு குண்டு வெடிச்சதும் அங்க தான். பெரிய புள்ளைங்கள கூட்டிட்டு போனா அத மறைக்காம சொல்லுங்க. கிட்டயே பொன்னம்பலவாணேசர் கோயில், முழுக்க கருங்கல்லு, பொன்னம்பலம் இராமநாதன் எடுத்து கட்டுனது, வெயில்ல வந்தவன் உள்ளுக்கு கால் வச்சா கல்லு குளுகுளுன்னு இருக்கும். செட்டியார் தெரு, புறக்கோட்டை எல்லாம் புள்ளைங்கள கூட்டமா கூட்டிட்டு நடக்க முடியாது, பஸ்ல இருந்தே காட்டிட்டு போயிரலாம்.

அப்புறம் காலிமுகத்திடல், அத பகல்ல பாக்கணும்னு தான் இவ்ளோ சொல்றேன். அந்த நடைபாத ஓரத்துல ஒரு பழைய கல்லு இருக்கு, யாரும் நின்னு வாசிக்கிறதில்ல. ஹென்றி வோர்ட்னு ஒரு ஆளுநர் 1856ல ஆரம்பிச்சு 1859ல முடிச்ச நடபாத அது, கொழும்பு பெண்களோடயும் புள்ளைங்களோடயும் நன்மைக்காக இத பாத்துக்கோங்கன்னு தனக்கு பின்னால வர்ற ஆளுநர்மாருக்கு அதுல வெட்டி வச்சிருக்காரு. அவரு மனசுல நெனச்சது எந்தப் பெண்கள எந்தப் புள்ளைங்கள அப்பிடிங்குறது வேற கத, அதே வோர்ட் தான் 1858ல ரயில் ரோட்டுக்கு முதல் மண்ணையும் வெட்டுனது. எப்பிடியோ, கல்லுல பெண்களும் புள்ளைங்களும்னு தான் இருக்கு, நம்ம புள்ளைங்களும் அதுக்குள்ள தான் வருவாங்க, அதனால அங்க உரிமையா நிக்கலாம்.

கடலுக்கு எதிர்ல வட பக்கமா பெரிய தூண் வச்ச கட்டடம் ஒண்ணு இருக்கும், பழைய பாராளுமன்றம், 1930ல திறந்தது, இப்ப ஜனாதிபதி செயலகம். 1947 தேர்தல்ல நம்ம தோட்டத்து சனத்தோட கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ்ல இருந்து ஏழு பேர் ஜெயிச்சு போய் உக்காந்தது அந்த கட்டடத்துல. அடுத்த வருஷமே 1948ல பிரஜாவுரிமை சட்டம் நிறைவேறுனதும் அந்த கட்டடத்துல தான், நம்ம சனத்துல பெரும்பாலான ஆளுங்க நாடில்லாதவங்களா ஆனாங்க, அந்தப் பிரச்சின சட்டத்தால முழுசா தீர்றதுக்கு 2003 ஆச்சு. பத்தாம் பதினோராம் வகுப்பு புள்ளைங்க இத பொஸ்தகத்துல ரெண்டு வரியில படிக்கிறாங்க. அந்த தூணுக்கு முன்னால நிக்க வச்சு சொல்லி பாருங்க, மறக்கவே மறக்காது.

அந்த கட்டடத்துக்கு முன்னால உள்ள திடல்ல தான் 1956ல சிங்களம் மட்டும் சட்டத்த எதிர்த்து தமிழ் தலைவர்மார் சத்தியாக்கிரகம் இருந்து அடி வாங்குனாங்க, 2022ல ஜனாதிபதிய போகச் சொல்லி நாடே வந்து கூடுச்சு. அதுக்கு நடுவுல 2018 அக்டோபர்ல நம்ம பொடியனுங்களும் புள்ளைங்களும் கறுப்பு உடுப்பு போட்டு தோட்டத்து சனத்துக்கு நாளைக்கு ஆயிரம் ரூபான்னு அடிப்படை நாள் சம்பளம் கேட்டு அங்க தான் நின்னாங்க. கட்சி கூப்பிட்டு வந்த கூட்டம் இல்ல அது, கடையிலயும் ஓட்டல்லயும் வேல செய்ற பொடியனுங்க போன்ல செய்தி அனுப்பி தானா சேர்ந்த கூட்டம். அதனால காலிமுகத்திடல்னா பட்டம் விடுறதும் அன்னாசி துண்டுக்கு உப்பு தூள் போட்டு திங்கிறதும் மட்டும்னு புள்ளைங்க நெனச்சிற கூடாது. பட்டமும் விடட்டும், அன்னாசியும் திங்கட்டும், அதுவும் வேணும்.

போர்ட் சிட்டிய பத்தி ரெண்டு வார்த்த. எல்லா ஸ்கூலும் இப்ப அங்க போகணும்னு நிக்குது. 269 ஹெக்டேயர் கடல மண் போட்டு நெரப்புன எடம், 2014ல ஆரம்பிச்சு 2019ல நெரப்பி முடிச்சாங்க, பார்க்க அழகா தான் இருக்கு, அதிலயே பாதி நாள போக்கிற வேணாம்னு மட்டும் சொல்றேன். தாமரைக் கோபுரத்துக்கு டிக்கட் காசு சேர்க்க முடிஞ்ச ஸ்கூல் கட்டாயம் ஏறுங்க, 350 மீட்டர் உயரம், மேல நிண்டா ஹார்பர், அலைத்தடுப்பு சுவர், போர்ட் சிட்டி, காலிமுகத்திடல், தெக்கால போற ரயில் ரோடு எல்லாம் ஒரே வரைபடமா தெரியும்.

அந்த ரயில் ரோட்டுக்கு தான் வர்றேன். இது தான் ட்ரிப்லயே நல்ல பகுதி, செலவும் சொற்பம். கோட்டை ஸ்டேசன்ல இருந்து கல்கிசை வரைக்கும் மூணாம் வகுப்பு டிக்கட் எடுத்து புள்ளைங்கள ஏத்துங்க, பஸ்ஸ சும்மா காலி ரோட்டுல கல்கிசைக்கு அனுப்பி அங்க நிக்க சொல்லுங்க. காலையில ஒம்பது மணிக்கு முன்னாலயும் பின்னேரம் நாலு மணிக்கு பின்னாலயும் வேண்டாம், ஒபிஸ் ஆளுங்க தொங்கிட்டு வருவாங்க, நடுப்பகல்ல தான் காலியா இருக்கும். தெக்க போகும்போது வலது கை பக்கம் ஜன்னல் புடிக்கணும். கொள்ளுப்பிட்டி வந்ததும் கடல் கிட்டத்துல வந்துரும், அதுக்கப்புறம் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைன்னு கடலோரமே தான், தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவுல பெரிய பெரிய கருங்கல்லு அடுக்கியிருக்கும், கடல் கொஞ்சம் ஏறுன நேரம் அலை அந்த கல்லுல மோதி தெறிச்சு ஜன்னலுக்குள்ள வரும், மூஞ்சி உப்பு பட்டு பிசுபிசுன்னு ஆயிரும், ரயில்ல வழக்கமா போறவங்க ஷட்டர எறக்கி விட்ருவாங்க, நம்ம புள்ளைங்க எறக்க விடாதுங்க. பதுளை ரயில்ல மலையையும் சுரங்கத்தையும் பாத்து பழகுன புள்ளைங்களுக்கு அதே ரயில் கடல் ஓரமா போறது எப்பிடி இருக்கும்னு நெனச்சு பாருங்க. வெளியூர்காரங்க மலை ரயில பாக்க காசு குடுத்து வர்றாங்க, நம்ம புள்ளைங்க இந்த கடலோர ரயில்ல ஒரு தடவயாவது போக வேண்டாமா?

பம்பலப்பிட்டி வெள்ளவத்தை பக்கம் நம்ம சனம் நெறைய, கடைகள்ல பாதி பேர் மலையகத்து பொடியனுங்க, வீட்டு வேல செய்ற அக்காமாரும் தங்கச்சிமாரும் எத்தனையோ பேர். கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி வருஷக்கணக்கா வேல செஞ்சும் கடல ஆற அமர பாக்காத ஆளுங்க அங்க இருக்காங்க, எனக்கு தெரியும், ஒரு அம்மா ஊருக்கு வந்தப்போ "சத்தம் கேக்கும் தம்பி, போய் பாக்க தான் நேரம் தர மாட்டாங்க"ன்னு சொன்னத கேட்டிருக்கேன். வீட்டுக்காரங்க யாராவது இத வாசிச்சா ஞாயித்துக்கிழமை பின்னேரம் ஒரு ரெண்டு மணி நேரம் விடுங்க, கடலோர ரோடு மரைன் ட்ரைவ்ல போய் காத்து வாங்கிட்டு வரட்டும்.

கல்கிசையில தான் மணல், அங்க தான் புள்ளைங்க கால் நனைக்கணும். இதுல ஒரு கண்டிப்பான விசயம். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் அந்தப் பக்கத்து கடல் பொல்லாதது, தென்மேற்கு பருவக்காத்து நேரா வந்து அடிக்கும். ஆகஸ்ட் லீவுல ட்ரிப் போற ஸ்கூல்கள் இத கட்டாயம் மனசுல வைக்கணும், முடிஞ்சா டிசம்பர்ல இருந்து ஏப்ரலுக்குள்ள போங்க. நம்ம புள்ளைங்க ஆத்துல, மலை ஊத்து தண்ணி விழுற பீலியில குளிச்சு பழகுனவங்க, ஆத்து தண்ணி ஒரே பக்கமா தான் இழுக்கும், கடல் முன்னால தள்ளிட்டு பின்னால இழுக்கும், காலுக்கு கீழ மணல உருவிட்டு போகும், முழங்கால் அளவு தண்ணியிலயே பெரிய பொடியன் விழுந்துருவான். சிவப்பு கொடி கண்டா எறங்கவே கூடாது, கொடி இல்லாட்டியும் கணுக்காலுக்கு மேல வேண்டாம், அலைக்கு முதுக காட்டி நின்னு போட்டோ எடுக்குறது அறவே வேண்டாம். ட்ரிப்புக்கு முந்தின நாள் அசெம்பிளியிலயே இத சொல்லுங்க, பஸ்ல பாட்டு ஓடும்போது சொன்னா எதுவும் காதுல ஏறாது.

பொம்பள புள்ளைங்களுக்கு டொய்லட் ஒரு பெரிய பிரச்சின. இதுக்கு பயந்து புள்ளைங்க காலையில இருந்து தண்ணியே குடிக்காம வெயில்ல சுருண்டு போகுதுங்க. கடலோரத்துல பொது டொய்லட் இருக்குற எடம் கொறைவு, இருக்குறதும் ஒரு ஸ்கூல் வந்தாலே தாங்காது. கோட்டை ஸ்டேசன்ல ஒரு தடவ, அந்தோனியார் கோயில் பக்கம் ஒரு தடவன்னு முதல்லயே நேரம் ஒதுக்கி வைங்க. மாநகரசபைகாரங்களும் ட்ரிப் சீசன்லயாவது காலிமுகத்திடல்ல தற்காலிகமா இன்னும் கொஞ்சம் டொய்லட் வைக்கணும், மலையகத்துல இருந்து மட்டுமில்ல, நாட்டுல எல்லா பக்கமும் இருந்து புள்ளைங்க வருது.

கடைசியா உங்க பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கத்துல காக்கைத்தீவுல இருந்து கல்கிசை வரைக்கும் ஒரு மேப் போடுங்க, எந்த எடத்துல பஸ் நிப்பாட்டலாம், எங்க நிழல் இருக்கு, எந்த ரயில் எத்தன மணிக்குன்னு விவரத்தோட. வழி காட்ட ஆள் வேணும்னா கொழும்புல வேல செய்ற நம்ம பொடியனுங்க ஞாயித்துக்கிழமையில சந்தோசமா வருவாங்க, நான் பேசி பாத்த எல்லாரும் சரின்னு தான் சொன்னாங்க. ஸ்கூல்கள் ட்ரிப் தேதிய மட்டும் ஞாயித்துக்கிழமையா வைக்கட்டும், அன்னிக்கு ரயில்லயும் சனம் கொறைவு.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
நோர்வூட்.